மருத்துவ நூலகம்

மருத்துவ நூலகம் என்பது மருத்துவம், செவிலியம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் முதலிய துறைகளைச் சார்ந்த நூல்களையும் ஆய்விதழ்களையும் தரவுத்தளங்களையும் திரட்டி, பகுத்து, மருத்துவப் பேராசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் வழங்கும் சிறப்பு நூலகம் ஆகும். இது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி, பெரிய மருத்துவமனை, ஆய்வு நிறுவனம் ஆகியவற்றுடன் இணைந்து இயங்குகிறது.

பொது நூலகத்திலிருந்து இது இரு வகைகளில் வேறுபடுகின்றது. முதலாவது, இங்கு நூலைவிட ஆய்விதழுக்கே மதிப்பு மிகுதி. பாடநூல் ஒன்று எழுதி அச்சாகி வெளிவருவதற்குள் அதிலுள்ள சிகிச்சை முறைகளில் சில மாறிவிடக்கூடும். இரண்டாவது, இங்கு கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு நோயாளி இருக்கின்றார். விடை அடுத்த மாதம் கிடைத்தால் அவருக்குப் பயன் இல்லை.

வரலாறு

இன்றைய மருத்துவ நூலகங்களின் முறைகள் பலவும் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தில் உருப்பெற்றவை. 1836 இல் இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறு நூல்தொகுதியாகத் தொடங்கிய இந்நூலகத்தை ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் விரிவாக்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அட்டவணைப்படுத்தும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் வெளியீட்டை அவர் 1879 இல் தொடங்கினார். 1964 இல் இவ்வட்டவணைப் பணி கணினிக்கு மாற்றப்பட்டது. 1971 இல் தொலைத்தொடர்பு வழியே தேடக்கூடிய மெட்லைன் உருவானது. 1997 இல் பப்மெட் என்ற பெயரில் அது இணையத்தில் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. அச்சு அட்டவணை 2004 உடன் நின்றது.

தமிழ்ச் சூழலில் மருத்துவ நூல்தொகுதி ஒன்றை உருவாக்கும் முயற்சி இதே 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847 இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பிக்க முடிவு செய்தார். அதற்குத் தேவையான நூல்கள் இல்லை என்பதால் அவற்றைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இலும், கிரேயின் உடற்கூற்றியல் நூலின் தமிழாக்கமான 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875 இல் நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சிடப்பட்டது. ஒரு நூலகம் வாங்கி அடுக்கவேண்டிய நூல்களை முதலில் எழுதி அச்சிடவேண்டியிருந்த நிலை அது. இந்நூல்களோடு கலைச்சொல் தொகுதிகளையும் கிறீன் உருவாக்கினார். ஆங்கிலவழிக் கல்வி நிலைபெற்றபின் இத்தொடர்ச்சி அறுந்தது.

நாகர்கோவிலில் அவ்வச்சகம் இருந்ததற்கும் குமரிப் பகுதியின் மருத்துவ வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1806 இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். 1818 இல் சார்லஸ் மீட் வந்தபின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது. அச்சகமும் அங்கு அமைந்தது. அதே மிஷனின் மருத்துவப் பணி 1838 இல் நெய்யூரில் தொடங்கியது. 1861 இல் அங்கு வந்த மருத்துவர் ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். சென்னையில் 1835 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு வெளியே, தமிழ்நாட்டின் தென்கோடியில் நிகழ்ந்த தொடக்ககால மருத்துவக் கல்வி முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பகுப்பு முறை

பொது நூலகங்களில் வழங்கும் டியூயி பகுப்பில் மருத்துவத்திற்கு 610 என்னும் எண் தரப்பட்டுள்ளது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் மருத்துவத்திற்கான குறி 'எல்'. எனினும் மருத்துவக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பே பின்பற்றப்படுகிறது. அதில் நூல்கள் பெரும்பாலும் உடல் உறுப்பு மண்டலங்களின் வரிசையில் அமைகின்றன.

இவ்வேறுபாடு அடுக்கில் நேரடியாகத் தெரியும். டியூயி பகுப்பில் மூச்சு மண்டல நோய்கள் 616.2 இலும், காசநோய் 616.995 இலும் இடம்பெறுவதால் இரண்டுக்கும் இடையே பல அடுக்குகள் குறுக்கிடும். மருத்துவ நூலகப் பகுப்பிலோ நுரையீரல் காசநோயும் தூசியால் வரும் நுரையீரல் நோய்களும் 'டபிள்யூ எஃப்' என்னும் ஒரே பிரிவில் அருகருகே நிற்கும். மார்பு நோய் மருத்துவருக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

தேடல்

ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை அடுக்கு வரிசை உதவாது. பப்மெட்டில் மட்டும் 3.7 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் உள்ளன. இவற்றில் தேவையானதைக் கண்டெடுக்க 'மெஷ்' எனப்படும் மருத்துவப் பொருள் தலைப்புகள் உதவுகின்றன. 1960 இல் முதன்முதலாக வெளியான இச்சொற்பட்டியல் ஒரு நோய்க்கு வழங்கும் பல பெயர்களையும் ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவருகிறது. மேலும் தலைப்புகள் கிளைகளாக அமைந்திருப்பதால், மேல்நிலைத் தலைப்பைத் தேடினால் அதன் கீழுள்ளவையும் கிடைக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மயிலாடி கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். கருங்கல்லில் சிலிக்கா உண்டு. கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசியை நீண்டகாலம் சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். உளியைவிட மின்பொறிகள் எழுப்பும் தூசி மிக நுண்ணியது, மிகுதியானது. இந்நோயின் ஊடுகதிர்ப் படம் காசநோயின் படத்தை ஒத்திருக்கக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. அப்படியொரு தொழிலாளி நீண்டநாள் இருமலோடு வந்தால், மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: இவருக்கு இருப்பது எது? இரண்டும் சேர்ந்திருந்தால் வழக்கமான 6 மாதக் காசநோய் மருந்து போதுமா?

கல், தொழிலாளி, நுரையீரல் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைத் தேடல் பெட்டியில் இட்டால் சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் பற்றிய கட்டுரைகளும் கலந்து வரும். மெஷ் பட்டியலிலோ சிலிக்கோசிஸ், நியூமோகோனியோசிஸ் ஆகியவற்றோடு, சிலிக்கோசிசும் காசநோயும் சேர்ந்த நிலைக்கும் தனித் தலைப்பு உண்டு. அதன்வழி சென்றால் 1991 இல் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனையின் முடிவை அடையலாம். ஆங்காங்கின் மார்பு நோய்ச் சேவை, சென்னைக் காசநோய் ஆய்வு மையம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகியவை இணைந்து நடத்திய ஆய்வு அது. 6 மாத மருந்து பெற்றோரில் 22 விழுக்காட்டினருக்கும், 8 மாத மருந்து பெற்றோரில் 7 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது என அது காட்டியது. ஆய்வில் பங்கெடுத்த மையம் சென்னைச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இப்போது இயங்குகிறது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று பங்குகொண்ட ஆய்வு தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரைச் சென்றடைய, சொற்பட்டியலை அறிந்த ஒருவரின் துணை தேவைப்படுகிறது.

நூலகரின் சேவைகள்

மருத்துவ நூலகர் செய்யும் பணிகளில் முதன்மையானது இலக்கியத் தேடல் ஆகும். மருத்துவரின் கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என நான்காகப் பிரித்து, தகுந்த தலைப்புகளைத் தேர்ந்து, கிடைத்தவற்றை வடிகட்டித் தருவது இதன் முறை. நோயாளியைப் பார்வையிடும் மருத்துவக் குழுவோடு நூலகரும் உடன்செல்லும் வழக்கத்தை 1971 இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் கெர்ட்ரூட் லாம் தொடங்கினார். இவ்வழக்கம் இந்தியாவில் பரவலாகவில்லை. இங்கு நூலகர் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்வது இருக்கட்டும், மருத்துவர் நூலகத்துக்கு வருவதே தேர்வுக் காலத்திலும் ஆய்வேட்டுக் காலத்திலும்தான்.

இச்சேவையின் பயனை அளக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் ஜோன் மார்சல் நடத்தி 1992 இல் வெளியிட்ட ஆய்வில், நூலகம் தந்த தகவலால் நோயாளியைக் கையாளும் முறையில் ஏதோ ஒரு கூறை மாற்றியதாக ஏறத்தாழ 80 விழுக்காடு மருத்துவர்கள் கூறினர். மருத்துவர்கள் தாமே தெரிவித்த கருத்து என்பதால் இவ்வெண்ணைச் சற்றுக் கவனத்துடன் கொள்ளவேண்டும்.

தேடல் குறைபட்டால் நேர்வது என்ன என்பதற்கு 2001 ஆம் ஆண்டு நிகழ்வொன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஜான்ஸ் ஆப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வில் கலந்துகொண்ட, நோய் ஏதுமில்லாத 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர், ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தை உள்ளிழுத்தபின் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். அம்மருந்தால் நுரையீரல் கெடலாம் என்பதற்கான குறிப்புகள் 1950களின் இதழ்களில் இருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிச் சென்றது. பழைய அச்சு அட்டவணைகள் நூலக அடுக்கில் இருந்தன. அதன்பின், மனிதர் மீதான ஆய்வுகளுக்கு முன் முறையான தேடல் நடந்ததா என்ற கேள்வி வலுப்பெற்றது. பழைய அட்டவணைகளும் படிப்படியாகத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. அச்சு அட்டவணைகளை இடநெருக்கடி கருதிக் கழித்துவிடும் நூலகங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

முறைசார் மீளாய்வு என்பது ஒரு கேள்விக்கு விடைதரும் எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிடும் முறை. இதற்கான தேடலை வகுப்பதில் நூலகரின் பங்கு பெரிது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தலைமையிடமாகக் கொண்டு தெற்காசியக் காக்ரேன் வலையமைப்பு 2005 முதல் இயங்கி, இந்திய ஆய்வாளர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளித்தது. அக்கல்லூரியின் டாட் நினைவு நூலகம் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற மருத்துவ நூலகங்களுள் ஒன்று.

பேராசிரியர்களுக்கான சேவைகள் சற்று வேறானவை. கருத்துத்திருட்டுச் சோதனை, மேற்கோள் மேலாண்மை மென்பொருள் பயிற்சி, மீளப்பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றிய எச்சரிக்கை ஆகியவை இவற்றுள் அடங்கும். பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயமானபின், பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பெருகின. ஓர் இதழ் உண்மையில் எந்த அட்டவணையில் இடம்பெற்றுள்ளது என்பதைச் சரிபார்த்துச் சொல்வது நூலகரின் அன்றாட வேலையாகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புனைந்து தரும், இல்லாத கட்டுரைகளின் மேற்கோள்களைத் தேடித் தருமாறு கேட்கும் வாசகர்களும் இதனுடன் சேர்ந்துகொண்டுள்ளனர்.

இந்தியாவில் அணுக்கம்

தில்லியிலுள்ள தேசிய மருத்துவ நூலகம் 1966 இல் அப்பெயரைப் பெற்றது. மத்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககத்தின் கீழ் இயங்கும் இது, கட்டுரைகளின் படிகளைப் பிற ஊர் மருத்துவர்களுக்கு அனுப்பும் சேவையையும் நடத்தியது. மின்னிதழ்களைக் கூட்டாக வாங்கும் எர்மெட் கூட்டமைப்பு இதன்வழி 2008 இல் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் இராசீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் அதற்கு முன்னரே, 2003 இல், தன் இணைப்புக் கல்லூரிகளுக்காக ஹெலிநெட் என்னும் கூட்டமைப்பை உருவாக்கியிருந்தது.

ஏழை நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வழங்கும் ஹினாரி திட்டத்தை உலக சுகாதார அமைப்பும் பெரும் பதிப்பகங்களும் 2002 இல் தொடங்கின. இலங்கை நிறுவனங்கள் இதில் இடம்பெற்றன. இந்தியா இடம்பெறவில்லை, தனிநபர் வருமானம் குறைவாக இருந்தபோதிலும் பதிப்பகங்களுக்கு அது ஒரு பெரிய சந்தை. இதனால் யாழ்ப்பாணத்துக்கு எட்டிய இதழ் நாகர்கோவிலுக்கு எட்டாத நிலை உருவானது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 இல் காக்ரேன் நூலகத்துக்கு நாடு முழுமைக்குமான சந்தாவைப் பெற்றது. இந்தியாவில் இணைய இணைப்புள்ள எவரும் அதனைப் படிக்க முடிந்தது. நிறுவன அடையாளம் தேவைப்படவில்லை. அதே கழகமும் தேசியத் தகவலியல் மையமும் இணைந்து, மெட்லைனில் இடம்பெறாத இந்திய இதழ்களையும் அட்டவணைப்படுத்தும் இண்ட்மெட் தரவுத்தளத்தை நடத்தின. சிலிக்கோசிஸ் போன்ற தொழில்சார் நோய்களைப் பற்றிய உள்நாட்டு ஆய்வுகளைத் தேட இது பயனுள்ளதாக இருந்தது. பின்னர் இச்சேவை நின்றுபோனது ஓர் இழப்பே.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தின்படி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 சனவரி முதல் திறக்கப்பட்டன. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் இதனை ஒருங்கிணைக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களோடு மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளும் இதன் வரம்பில் வருகின்றன. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. கல்லூரி எதையும் சாராத மருத்துவருக்கும் இதில் இடமில்லை.

சந்தா இல்லாதோர் பலர் சை-ஹப் என்னும் உரிமம் பெறாத தளத்தை நாடிவந்தனர். அதற்கெதிராக மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இந்திய அறிவியலாளர்களும் மருத்துவர் குழுக்களும் அத்தளத்தை முடக்கக்கூடாது எனக் கோரினர். 2025 ஆகத்தில் அத்தளத்தை முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

தமிழ்நாட்டில்

1988 இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நூலகம் சென்னைக் கிண்டியில் உள்ளது. இப்பல்கலைக்கழகத்தின் சேவைகளுள் வெளியாருக்கு மிகவும் பயன்படுவது அதன் ஆய்வேட்டுக் களஞ்சியம் ஆகும். மாநிலம் முழுவதுமுள்ள மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகள் இதில் இணையம்வழி முழுமையாகக் கிடைக்கின்றன. ஆய்வேடுகள் தரத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. பல ஆய்வேடுகள் ஒருபோதும் இதழ்க் கட்டுரையாக வெளிவருவதும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு வந்த தமிழ்நாட்டு நோயாளிகளைப் பற்றிய தரவுகள் வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. முன்பு இவை கல்லூரி நூலகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தன.

சித்த மருத்துவத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஓலைச்சுவடிகளில் கணிசமானவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் காக்கப்படுகின்றன. குமரி மாவட்டத்தில் வர்ம மருத்துவச் சுவடிகள் ஆசான்களின் குடும்பங்களிலேயே வழிவழியாக இருந்து வருகின்றன. இவை நூலக அட்டவணை எதிலும் ஏறாதவை.

கன்னியாகுமரி மாவட்டம்

மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் இயங்குகிறது. குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று உள்ளது. 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தின் விதிகளின்படி முதலாவது உள்ளே வரும் வகை, இரண்டாவது முதற்கட்டத்தில் வெளியே நிற்கும் வகை. இரு கல்லூரிகளுக்கும் வருவோர் ஒரே மாவட்டத்து நோயாளிகள்தாம்.

மயிலாடி போன்ற பேரூரில் தனியாக மருத்துவம் பார்ப்பவருக்கு எஞ்சியுள்ள வழிகள் சில. பப்மெட்டில் கட்டுரைச் சுருக்கங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மேலே கூறிய 1991 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவை அவ்வாறே அறிய முடியும். 2000 இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் தளத்தில் முழுக் கட்டுரைகள் கிடைக்கின்றன. 1913 முதல் வெளிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் திறந்த அணுக்கத்தில் உள்ளது. மற்றவற்றுக்குக் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், பலர் அனுப்பிவிடுகின்றனர். தாம் பயின்ற கல்லூரியின் நூலகரை அணுகுவதும் உண்டு. ஆய்வுக்காகவும் தனிப்பட்ட படிப்புக்காகவும் படைப்பைப் பயன்படுத்துவதற்கு 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52 ஆம் பிரிவில் இடமளிக்கிறது.

சிலிக்கோசிஸ் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கவேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டது. சில தொழிலாளர் மட்டுமே உள்ள சிறு சிற்பக்கூடங்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் பெரும்பாலும் வரவில்லை. ஆகவே அங்குள்ள ஒருவருக்கு நோய் கண்டறியப்பட்டாலும் அது ஆய்விதழுக்கோ அரசுப் பதிவேட்டுக்கோ செல்லாமல் மருத்துவரின் சீட்டோடு நின்றுவிடக்கூடும். எந்த நூலகத்தில் தேடினாலும் அது கிடைக்காது.